மீ கோரெங்கும் ஒரு தண்ணீர்க் குழாயும்



சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு கடிதத்துக்கு இந்த இதழில்தான் பதில் எழுத முடிகிறது. எழுதியவர் கணவரை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். பஸ் நிற்கும் ஒரு சந்தியில் பின்னேரங்களில் உழுந்து வடையும் வாய்ப்பனும் சுட்டு விற்றுத்தான் பிள்ளைகளைப் படிப்பித்து வந்தார். தண்ணீர் வசதி இல்லாத இடத்தில் சாப்பாடு விற்க ஏலாது என்று சொல்லி ஒருநாள் அவருடைய மேசையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கடிதத்தின் முடிவில் அவர் இப்படிக் கேட்டிருந்தார்: "அக்கா, இப்ப பிள்ளையளெல்லாம் நூடில்ஸ்தான் கேக்குதுகள். வடையை விட்டுப்போட்டு நூடில்ஸ் போட்டால் என்ன? வெளிநாடுகளில றோட்டில சாப்பாடு வித்த சனம் நல்லா வந்திருக்குதாமே, உண்மையோ?"

எனக்குத் தெரிந்த வெளிநாடு ஒன்றே ஒன்றுதான். 2024 இல் அக்காவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கச் சிங்கப்பூர் போய் ஒரு மாதம் நின்றேன். அந்த ஒரு மாதத்தில் கண்டதையும் தின்றதையும் வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் 'மலாயன் பென்ஷனியர்' என்றால் ஒரு தனி மதிப்பு. என் அம்மப்பாவும் மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்து இளைப்பாறி வந்தவர். அம்மம்மா கோலாலம்பூரில் குடித்தனம் நடத்திய கதைகளைச் சொல்லுவா. இரவில் ஒரு சீனன் மூங்கில் துண்டை 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு வருவானாம். மீ விற்கிறவன். அம்மப்பா படலைக்குப் போய் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வருவாராம். அம்மம்மா குசினிக்குள் இருந்து சாப்பிடுவாவாம். "நல்ல ருசி பிள்ளை. ஆனா அவன் எப்பிடிச் சமைக்கிறான் எண்டு நான் ஒருநாளும் கண்டதில்லை" என்பா. பெண்பிள்ளை தெருவில் நின்று சாப்பிடுவது அவவுக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. 2009 இல் என் கணவர் இல்லாமல் போனபின், வாய்க்கு ருசியாக வேண்டும் என்று நினைத்து நான் எதையும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. யாரும் தடுக்கவில்லை. ஆனால் பஸ் நிலையத்தில் ஒரு ரோல்ஸ் வாங்கிக் கடித்தால்கூட யாரோ பார்க்கிறார்கள் என்று முதுகு கூசும். உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்கும்.

சிங்கப்பூரில் பெறாமகள் ஆசுப்பத்திரியால் வந்து இரண்டாவது கிழமை. பத்தியச் சாப்பாடு சமைத்துச் சமைத்து நானும் அதையே தின்றுகொண்டிருந்தேன். "சின்னம்மா, ஒருக்கா வெளிய போய் நல்லதா ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்கோ. தேக்காவுக்கு ஒரு ரெயின்தான். எல்லாரும் தமிழ் கதைப்பினம்" என்று இருபது டொலரைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

தேக்கா என்பது லிட்டில் இந்தியாவில் உள்ள பெரிய சந்தை. கீழே ஒரு பக்கம் மீன், இறைச்சி, மரக்கறி. மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். மேல்மாடியில் சீலைக் கடைகளும் தையற்காரரும். மீன் பக்கமாக நடந்து போகையில் நண்டுகளைக் கண்டதும் ஊர் நினைவு வந்தது. சிங்கப்பூரில் இலங்கை நண்டென்றால் தனிப் பெயர். உணவகங்களில் விலைப் பலகையில் நாட்டின் பெயரையே போட்டு விற்கிறார்கள். எங்கள் களப்புகளில் பிடிபடும் பெரிய நண்டு எங்கள் சட்டிக்கு வராமல் எங்கே போகிறது என்று அன்று விளங்கியது.

சாப்பாட்டுப் பகுதியை அங்கே தமிழில் உணவங்காடி நிலையம் என்கிறார்கள். ஒரு கூரையின் கீழ் வரிசை வரிசையாகச் சின்னக் கடைகள். நடுவில் பொது மேசைகள். ஒவ்வொரு கடையும் எங்கள் குசினியைவிடச் சிறியது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. நான் முதலில் பார்த்தது சாப்பாட்டை அல்ல, குழாயைத்தான். முகாமில் வாளியோடு வரிசையில் நின்ற கண் வேறு எதைப் பார்க்கும்! கடையின் முகப்பில், சுத்தத்துக்குச் சுகாதார அதிகாரிகள் கொடுத்த தரத்தைக் காட்டும் ஓர் எழுத்தும் அப்போது தொங்கியது. ஏ என்றால் மிகச் சுத்தம். வாங்குபவர் பார்த்து வாங்கலாம்.

வெறும் மேசையொன்றில் ஒரு சின்ன ரிசு பைக்கற் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நான் இருந்துவிட்டேன். ஒரு சீனப் பெண் தட்டோடு வந்து என்னையும் பைக்கற்றையும் மாறிமாறிப் பார்த்தாள். அந்த ஊரில் மேசையில் ரிசு பைக்கற் வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம்! நான் எழும்ப, அவள் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

நான் தேடியது அம்மம்மாவின் மீயை. ஒரு தமிழ் முஸ்லிம் ஐயாவின் கடையில் 'மீ கோரெங்' என்று எழுதியிருந்தது. மீ என்பது சீனச் சொல், கோரெங் என்றால் மலாய் மொழியில் பொரித்தது, வறுத்தது. சீனனின் மீயை மலாய்ப் பெயரோடு தமிழ்ச் சட்டியில் போட்ட சாப்பாடு அது. எங்கள் இடியப்பத்தைக்கூட அங்கே 'புட்டு மாயம்' என்ற பெயரில், தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்து விற்கிறார்கள். சம்பலும் இல்லை, சொதியும் இல்லை! அதை நான் வாங்கவில்லை.

"காரம் போடவாம்மா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"உறைப்பாப் போடுங்கோ" என்றேன்.

அவர் அகப்பையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "உறைப்பா? அம்மா சிலோனா?" என்றார். அவருடைய பாட்டனார் வேதாரணியப் பக்கத்திலிருந்து வந்தவராம். அது எங்கள் கடலின் அக்கரை. அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் போய்விட்டது. அருகில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன், பார்க்க விட்டார்.

அம்மம்மா காணாததை நான் கண்டேன். இரும்புத் தாச்சி, அடியில் இரைகிற நெருப்பு. எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் உள்ளியும் அரைத்த செத்தல் மிளகாயும் போட்டார். பிறகு கோவா, அவித்த உருளைக்கிழங்கு, பொரித்த சோயாக்கட்டி. அடுத்து ஒரு பிடி மஞ்சள் மீ. அந்த மஞ்சள் முட்டையால் வருவது என்று நினைத்திருந்தேன். கோதுமை மாவைக் காரத் தண்ணீர் சேர்த்துப் பிசைவதால் வருவதாம், இழுவையும் அதனால்தானாம். தக்காளிச் சோஸ், சோயாச் சோஸ், ஒரு தெளிப்புத் தண்ணீர். மீயை ஓரத்துக்குத் தள்ளி நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி இறுகியதும் எல்லாவற்றையும் சேர்த்து நாலு பிரட்டு. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு கோப்பைக்கு ஒரு தரம். அடுத்தவருக்கு மறுபடி முதலிலிருந்து. "பத்துத் தட்டை ஒண்ணாப் போட்டா சட்டி சூடு எறங்கிடும். மீ அவிஞ்சு போயிடும், வறுபடாது" என்றார். அந்தச் சூட்டில் ஏறும் ஒரு புகை மணத்தைச் சீனர்கள் 'வொக் ஹெய்', அதாவது சட்டியின் மூச்சு என்கிறார்களாம். 

ஐந்து டொலர். எங்கள் காசில் ஏறக்குறைய 1100 ரூபா என்று மனம் கணக்குப் போட்டது. கணக்கை நிறுத்திவிட்டு ஒரு வாய் வைத்தேன். உறைப்பும் இனிப்பும் புளிப்பும், ஓரங்களில் மெல்லிய கருகல் மணமும். சகோதரிகளே, அந்தக் கோப்பை முடியும்வரை நான் யாரைப் பற்றியும் நினைக்கவில்லை. என் பிள்ளைகளைக்கூட நினைக்கவில்லை. முடிந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்து கண் கலங்கியது. பக்கத்துச் சீனப் பெண் மிளகாய் உறைத்துவிட்டது என்று நினைத்துத் தன் ரிசுவை நீட்டினாள். நானும் மிளகாய் என்றே காட்டிக்கொண்டேன்.

அதன்பிறகு நான் கேட்காமலே பெறாமகள் காசு தந்தாள். குழந்தை நித்திரையாகும் பின்னேரங்களில் நாலைந்து தரம் போனேன். சீனரின் 'சார் குவே தியோ' பேர்போனது. அரிசிமாவில் செய்த பட்டையான மீ அது. மட்டி போட்டு, கறுப்புச் சோயாச் சோஸ் ஊற்றி வறுப்பது. முன்பு கூலிவேலை செய்தவர்களின் மலிவான இரவுச் சாப்பாடாக இருந்ததாம், வயிறு தாங்க வேண்டும் என்று பன்றிக் கொழுப்பில் செய்வது. எனக்கு அது ஒத்துவராது. முஸ்லிம் கடையில் கொழுப்பில்லாமல் போட்ட குவே தியோவைச் சாப்பிட்டேன். மட்டியின் உப்புச் சுவை எங்கள் கடற்கரையை நினைப்பூட்டியது. ஆனால் இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம். மீ கோரெங்தான் என் கட்சி.

வேறொரு நிலையத்தில், பன்றிக் கொழுப்பு இல்லை என்று அறிவிப்புப் போட்டிருந்த கடையில், எழுபது வயது மதிக்கத்தக்க சீனக் கிழவி ஒருத்தி 'கரட் கேக்' போட்டா. பெயர்தான் கரட். உள்ளே கரட்டும் இல்லை, அது கேக்கும் இல்லை! வெள்ளை முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்த களியை வெட்டி, உப்பிலிட்ட முள்ளங்கியும் முட்டையும் போட்டு மொறுமொறுவென்று பொரிப்பது. எனக்கு அவவின் மொழி தெரியாது, அவவுக்கு என் மொழி தெரியாது. விரலால் ஒன்று காட்டினேன், மிளகாய்ப் போத்தலைக் காட்டித் தலையாட்டினேன். கை முழுக்க எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். என் கையையும் பார்த்தா. ஏதோ சொன்னா. என்ன சொன்னா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஓரத்தில் நன்றாக முறுகிய துண்டுகளைச் சுரண்டி என் தட்டில் கூடுதலாகப் போட்டது மட்டும் தெரியும்.

வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிக்கும் 'பீசாங் கோரெங்'கும் சாப்பிட்டேன். நல்லதுதான். ஆனால் முகாமில் நிவாரணக் கோதுமை மாவையும் கனிந்த வாழைப்பழத்தையும் பிசைந்து பக்கத்துக் கூடாரத்து அக்கா சுட்ட வாய்ப்பனுக்கு அது கிட்டவும் வராது. தேக்கா வடையில் மேலே முழு இறால் பதித்துப் பொரித்து, பச்சை மிளகாயோடு தருகிறார்கள். கொழும்பு காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டவர்களுக்கு அது புதிதல்ல.

இனி, கடிதம் எழுதிய சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். றோட்டில் சாப்பாடு விற்ற சனம் நல்லாக வந்தது உண்மையா?

உண்மைதான். ஆனால் தானாக வரவில்லை. சிங்கப்பூரிலும் ஒருகாலம் இவர்கள் தெருவோரத்தில்தான் விற்றார்கள். குழாய் இல்லை. ஒரு வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கோப்பை கழுவினார்கள். கழிவெல்லாம் வாய்க்காலிலும் ஆற்றிலும் விழுந்தது. அதிகாரிகள் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். 1968-69 இல் அரசாங்கம் நாடு முழுவதும் சுமார் 18,000 தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தது. 1971 தொடக்கம் கூரை, குழாய், வடிகால், மின்சாரம் உள்ள நிலையங்களைக் கட்டி அவர்களைக் கொண்டுபோய் இருத்தத் தொடங்கி, 1986 இல் அந்த வேலையை முடித்தது. போகத் தயங்கியவர்களும் இருந்தார்கள். வாடிக்கையாளர் தேடி வருவார்களா என்ற பயம், வாடகை கட்ட வேண்டுமே என்ற பயம். இன்று நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. சுத்தம் விற்பவரின் பொறுப்பு மட்டுமல்ல. 2021 செப்டெம்பரிலிருந்து, சாப்பிட்டவர் தன் தட்டைத் தானே எடுத்துக் கொடுக்காவிட்டால் எச்சரிக்கை, பிறகும் செய்தால் தண்டம்.

எல்லாம் இனிப்பு என்று சொல்ல மாட்டேன். விற்பவர்களில் பலர் வயதானவர்கள், பிள்ளைகள் இந்தச் சூட்டுக்குள் வர விரும்புவதில்லை. மீ கோரெங் ஐயாவும் "எனக்கப்புறம் யாரு?" என்றார்.

சகோதரி, உங்களை எழுப்பிய அதிகாரி சொன்னது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் சாப்பாடு விற்பது கூடாதுதான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு வார்த்தை வந்திருக்க வேண்டும்: "தண்ணீர் உள்ள இடம் இது, இங்கே வாருங்கள்." அது வரவில்லை. எங்கள் பக்கத்திலும் நடக்காத காரியமல்ல. வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகங்களை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் போனவர்கள் கண்டிருப்பீர்கள். பெண்கள் சனத்தின் கண் முன்னாலேயே தோசையும் வடையும் சுடுகிறார்கள். ஒரு கூரை, குழாய், சுத்தமான மேடை. ஆனால் உங்கள் சந்தியிலிருந்து அங்கே போய்வர பஸ் காசே லாபத்தைத் தின்றுவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சரிதான்.

நூடில்ஸ் போடலாமா என்றால், என் யோசனை வேண்டாம் என்பதே. ஏன் என்று சொல்கிறேன். ஊருக்கு வந்ததும் ஆசையில் நானே மீ கோரெங் போட்டுப் பார்த்தேன். வீட்டு அடுப்பின் நெருப்புப் போதவில்லை. நாலு பேருக்கு ஒன்றாகப் போட்டேன், அந்த ஐயா சொன்னபடியே எல்லாம் அவிந்து களியாகி விட்டது. மகன் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டான். அதற்குப் பெரிய நெருப்பு வேண்டும், காஸ் வேண்டும். முன்கூட்டிச் செய்து வைத்தால் கட்டிபட்டுவிடும். பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு மூன்று நிமிடம் பொறுக்க நேரமும் இராது. வடை அப்படியல்ல, காத்திருக்கும்.

ஆனால் தேக்காவில் பார்த்த இன்னொன்று உங்களுக்கு உதவலாம். அங்கே தமிழ் முஸ்லிம்கள் 'ரோஜாக்' என்று ஒன்று விற்கிறார்கள். வடை, இறால் பொரியல், உருளைக்கிழங்கு, சோயாக்கட்டி எல்லாம் முன்னமே பொரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும். வேண்டியதைக் காட்டினால் மறுபடி எண்ணெயில் ஒரு முழுக்குப் போட்டு, சின்னத் துண்டுகளாக வெட்டி, வெள்ளரிக்காயும் வெங்காயமும் வைத்து ஒரு சிவந்த குழம்போடு தருவார்கள். அந்தக் குழம்பின் ரகசியம் வத்தாளங்கிழங்கு. நான் செய்து பார்த்தது இப்படி: அவித்து மசித்த வத்தாளங்கிழங்கு ஒரு கோப்பை, ஊறவைத்து அரைத்த செத்தல் மிளகாய் ஆறு, பழப்புளி ஒரு சின்ன உருண்டை, சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. தண்ணீர் விட்டுக் கரைத்து, கெட்டியாகும்வரை காய்ச்சி இறக்கினால் சரி. வறுத்துக் குற்றிய கச்சான் தூவினால் இன்னும் நல்லது. நூடில்ஸ் பைக்கற்றுக்குக் கொடுக்கும் காசு இதில் இல்லை. கிழங்கு உங்கள் வளவிலேயே இருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கறுத்து நுரைக்கிற எண்ணெயில் மறுபடி பொரிக்க வேண்டாம். மனம் வராதுதான், எண்ணெய் விற்கிற விலைக்கு. ஆனாலும் ஊற்றிவிடுங்கள்.

இதைக் கடிதத்தில் எழுதுவதைவிட நேரில் செய்து காட்டலாம் என்று போன மாதம் அவரிடம் போனேன். சந்தியில் முன்பு விற்ற வேறு நாலு பெண்களும் வந்திருந்தார்கள். குழம்பு காய்ச்சிக்கொண்டே கதைத்தோம். ஐந்து பேரும் சேர்ந்து சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். கட்டடம் கேட்கவில்லை. சந்திக்குப் பக்கத்திலுள்ள வெறுங்காணியில் ஒரு தண்ணீர்க் குழாய், கழிவு போக ஒரு வாய்க்கால், ஒரு தகரக் கூரை, ஐந்து பேருக்கும் அனுமதிப் பத்திரம். சுத்தத்தைச் சுகாதாரப் பரிசோதகர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றும், குழாய்க்கான மாதக் கட்டணத்தைத் தாங்களே பங்கிட்டுக் கட்டுவதாகவும் எழுதிக் கையொப்பம் வைத்தார்கள். ஒரு பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கி வரச் சொன்னேன், வாங்கி வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

அதுவரை அவர் தன் வீட்டுப் படலையடியில், கிணற்றுத் தண்ணீரை மூடியுள்ள வாளியில் வைத்துக்கொண்டு வடை சுடுகிறார். சந்தியில் விற்றதில் பாதிதான் போகிறது. நான் வெளிக்கிடும்போது சுடச்சுட ஒரு வடையை நாலாக வெட்டி, குழம்பு ஊற்றி, வாழையிலைத் துண்டில் வைத்து நீட்டினார்.

"உள்ள வந்து இருந்து சாப்பிடுங்கோ அக்கா" என்றார்.

றோட்டால் சைக்கிளில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இல்லைப் பிள்ளை, இதிலயே நிண்டு சாப்பிடுறன்" என்றேன்.

குழம்புக்குப் புளி கொஞ்சம் காணாது. அடுத்த முறை கூட்டச் சொல்லியிருக்கிறேன்.